24 பெரிதா, 11 பெரிதா?

டென்னிஸில் எல்லாக் காலத்துக்கும் தலைசிறந்தவர் யார், அதை எந்த அளவுகோலால் அளப்பது? இதைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் எங்கள் விளையாட்டுப் பகுதியின் பதில்களும்.

ஜோகோவிச் 24, நடால் 22, ஃபெடரர் 20. யாரிடம் அதிகக் கிராண்ட்ஸ்லாம் இருக்கிறதோ அவர்தானே பெரியவர்? இதற்கு மேல் என்ன விவாதம்?
– திருநெல்வேலி வாசகர்

இந்த மூவருக்குள் மட்டும் என்றால் உங்கள் கணக்கு ஏறக்குறைய சரி. மூவரும் ஒரே காலத்து ஆட்டக்காரர்கள். ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் என்ற ஒரே நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளைக் குறிவைத்துத்தான் மூவரும் வருடம் முழுக்கத் தயாரானார்கள். பின்னோக்கிப் போகும்போதுதான் இந்தத் தராசு ஆட ஆரம்பிக்கிறது.

பியோன் போர்க்கின் கணக்கில் 11 பட்டங்கள்: பிரெஞ்சு ஓபன் 6, விம்பிள்டன் 5. ஆஸ்திரேலிய ஓபனுக்கு அவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் போனார், 1974-ல். அந்தக் காலத்தில் அது கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஒட்டி நடக்கும், பரிசுப் பணமும் குறைவு. ஐரோப்பாவிலிருந்து அவ்வளவு தூரம் பறந்துபோக முன்னணி ஆட்டக்காரர்கள் பலருக்கு மனமில்லை. ஜிம்மி கானர்ஸ் போனது இரண்டே முறை. ஒரு முறை பட்டம், ஒரு முறை இறுதிப் போட்டி. அதே கானர்ஸ் 1974-ல் பிரெஞ்சு ஓபன் தவிர மற்ற மூன்று கிராண்ட்ஸ்லாமையும் வென்றார். அதில் அவரை ஆடவிடவில்லை. அமெரிக்க அணிப் போட்டித் தொடர் ஒன்றில் அவர் ஒப்பந்தமாகியிருந்ததுதான் காரணம்.

கிராண்ட்ஸ்லாம்களைக் கூட்டிப் பார்த்து ஆளை அளக்கும் பழக்கம் அன்று இல்லை. 2000-ல் பீட் சாம்ப்ராஸ் தன் 13-வது பட்டத்தை வென்று ராய் எமர்சனின் 12-ஐத் தாண்டியபோதுதான் இந்த எண் பெரிய விஷயமானது. எமர்சனின் அந்த 12-ஐயும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அடுத்த பதிலில் வருகிறது.

ராட் லேவர் 11 பட்டங்கள்தான் வென்றார். பிறகு ஏன் பெரியவர்கள் எல்லாம் அவர் பெயரைச் சொல்கிறார்கள்?
– மயிலாப்பூர் வாசகர்

1968 ஏப்ரல் வரை டென்னிஸ் இரண்டு வீடாகப் பிரிந்து கிடந்தது. கிராண்ட்ஸ்லாமில் அமெச்சூர்கள் மட்டும் ஆடலாம். பணம் வாங்கி ஆடினால் புரொஃபஷனல்; விம்பிள்டன் கதவு அவருக்கு மூடப்படும். நம்மூர் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனாரே, அது அமெச்சூர் பக்கம். முதல் முறை நீல் ஃப்ரேசரிடம் தோற்றார், அடுத்த முறை இதே லேவரிடம். இருவருமே அந்தந்த வருடக் கோப்பையைத் தூக்கியவர்கள்.

லேவர் 1962-ல் நான்கு பட்டங்களையும் ஒரே வருடத்தில் வென்றுவிட்டுப் புரொஃபஷனலாக மாறினார். 1963-லிருந்து 1967 முடிய 20 கிராண்ட்ஸ்லாம்கள், அதோடு 1968 ஜனவரியில் நடந்த ஆஸ்திரேலியப் போட்டி, ஆக மொத்தம் 21-ல் அவர் ஆட முடியவில்லை. வயது 24-லிருந்து 29 வரை, ஒரு ஆட்டக்காரரின் பொற்காலமே அதுதான். போட்டிகளை எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகு, 1969-ல் மறுபடி நான்கையும் வென்றார். அதற்குப் பிறகு ஆண்களில் யாரும் ஒரே காலண்டர் வருடத்தில் இதைச் செய்யவில்லை.

அந்த 21-ல் பாதியை லேவர் கணக்கில் சேர்த்துவிடலாம் என்று சிலர் கிளம்புவார்கள். அங்கேதான் நிதானம் வேண்டும். 1963-ல் புரொஃபஷனல் பக்கம் போனதும் லேவர், லூ ஹோடிடமும் கென் ரோஸ்வாலிடமும் வரிசையாகத் தோற்றார். 1962-ல் அவர் வென்ற நான்கு பட்டங்களிலும் இந்த இருவரும் எதிரில் இல்லை என்பதை அந்தத் தோல்விகள் காட்டிக்கொடுத்துவிட்டன. எமர்சனும் அப்படித்தான்: அவருடைய 12-ல் 10 பட்டங்கள் 1963–67-ல் வந்தவை, லேவரும் ரோஸ்வாலும் வாசலுக்கு வெளியே நின்ற வருடங்கள். பாஞ்சோ கொன்சாலஸ் இன்னும் பாவம். 1948, 1949 அமெரிக்கப் பட்டங்களோடு புரொஃபஷனலாகிவிட்டதால், 50-களில் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரராக இருந்தவருக்கு ஏட்டில் இரண்டே இரண்டு.

1968-க்கு முந்தையதையும் பிந்தையதையும் ஒரே பட்டியலில் போடவே கூடாது என்பது எங்கள் கட்சி.

ஃபெடரரை நடால் 24–16 என்று அடித்திருக்கிறார். நேருக்கு நேர் தோற்றவர் எப்படித் தலைசிறந்தவராக முடியும்?
– ஈரோடு வாசகர்

அந்த 40 ஆட்டங்களைத் தரைவாரியாகப் பிரியுங்கள். களிமண்ணில் நடால் 14–2. புல்லில் ஃபெடரர் 3–1. கடினத் தரையில் ஃபெடரர் 11–9. களிமண்ணை எடுத்துவிட்டால் ஃபெடரர் 14–10 என்று முன்னால் நிற்கிறார்.

களிமண்ணை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். எடுக்க வேண்டியதில்லை. அங்கே ஏன் 16 முறை சந்தித்தார்கள் என்று மட்டும் பாருங்கள். ஃபெடரர் களிமண்ணிலும் இறுதிப் போட்டி வரை வந்துகொண்டே இருந்தார், அதனால் நடாலிடம் மாட்டினார். நடால் இளம் வயதில் கடினத் தரையில் அவ்வளவு தூரம் வரவில்லை. ஃபெடரர் 2004-லிருந்து 2008 வரை ஐந்து அமெரிக்க ஓபன்களைத் தொடர்ந்து வென்றார். அதில் ஒன்றில்கூட எதிரே நடால் இல்லை. அந்த மைதானத்தில் இருவரும் கடைசிவரை மோதிக்கொள்ளவே இல்லை. அரையிறுதியில் தோற்றுப்போன நடாலுக்கு இந்தப் பட்டியலில் நஷ்டம் இல்லை, இறுதி வரை வந்து தோற்ற ஃபெடரருக்கு ஒன்று குறைகிறது. கணக்கு நன்றாக ஆடியவரைத் தண்டிக்கிறது.

ஜோகோவிச்–நடால் 31–29 கணக்கிலும் இதே களிமண் சாய்வு உண்டு. களிமண்ணில் நடால் 20–9, கடினத் தரையில் ஜோகோவிச் 20–7, புல்லில் 2–2. வருடத்தில் இன்னும் இரண்டு களிமண் போட்டி இருந்திருந்தால் மொத்தக் கணக்கு புரண்டிருக்கும். ஜோகோவிச்–ஃபெடரர் 27–23. அதில் ஆறு வயது வித்தியாசம் இருக்கிறது.

நேருக்கு நேர் கணக்கு ஒரு ஆட்டக்காரரின் பலவீனத்தைக் காட்ட நல்ல கருவி. ஃபெடரரின் ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்கு, தோளுக்கு மேலே எகிறும்படி நடால் தன் இடது கை ஃபோர்ஹேண்டால் அடித்துக்கொண்டே இருந்ததை அது காட்டும். பெரியவர் யார் என்று அது சொல்லாது.

சதவிகிதம் பார்த்தால் போர்க்தானே முதலில் வருகிறார்?
– புதுச்சேரி வாசகர்

வருகிறார். 27 கிராண்ட்ஸ்லாம் ஆடி 11 பட்டம், 41 சதவிகிதம். நடால் 68-ல் 22, அதாவது 32. சாம்ப்ராஸ் 52-ல் 14, அதாவது 27. ஃபெடரர் 81-ல் 20, சுமார் 25.

போர்க் 26 வயதில் ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டார். அவர் ஏட்டில் இறங்குமுகம் என்ற பக்கமே கிடையாது. ஃபெடரரோ 39 வயது வரை ஆடினார். கடைசி வருடங்களில் ஆடிய ஒவ்வொரு போட்டியும் அவருடைய சதவிகிதத்தைக் கீழே இழுத்தது. நின்று ஆடியது குற்றமா?

அதனால் ஒன்று செய்யுங்கள். போர்க்குக்கு 27 என்றால் மற்றவர்களுக்கும் தொடர்ச்சியாகச் சிறந்த 27-ஐ எடுங்கள். ஃபெடரருக்கு 2003 விம்பிள்டனிலிருந்து 2010 ஆஸ்திரேலிய ஓபன் வரை எண்ணினால் சரியாக 27 வரும். அதில் 16 பட்டம், 59 சதவிகிதம்! (அதற்குள்ளேயே தொடர்ந்து 23 அரையிறுதிகளும் அடக்கம்.) போர்க்கின் 27-ல் அவர் 17, 18 வயதில் தத்தளித்ததும் சேர்ந்திருக்கிறது என்பதால் இதுவும் முழு நியாயம் ஆகாது. ஆனாலும் வெறும் சதவிகிதத்தைவிட இது மேல்.

ஜோகோவிச்சிடம் இதைவிட வினோதமான ஒன்று இருக்கிறது. 2018 விம்பிள்டனிலிருந்து 2023 அமெரிக்க ஓபன் வரை அவர் ஆடியது 19 கிராண்ட்ஸ்லாம், வென்றது 12. வயது 31-லிருந்து 36. மொத்தப் பட்டங்களில் சரிபாதி, மற்றவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில். அந்தக் காலத்தில் 2022 ஆஸ்திரேலிய ஓபனிலும் அமெரிக்க ஓபனிலும் தடுப்பூசி போடாததால் அவர் ஆடவில்லை. 2020 விம்பிள்டன் கொரோனாவால் நடக்கவே இல்லை.

நம்பர் ஒன்னாக எத்தனை வாரம் இருந்தார், எத்தனை மாஸ்டர்ஸ் பட்டம் என்பதெல்லாம் இன்னும் நேர்மையான அளவுகோல்தானே?
– யாழ்ப்பாணம் வாசகர்

ஜோகோவிச் 428 வாரம், ஃபெடரர் 310, சாம்ப்ராஸ் 286, கானர்ஸ் 268, நடால் 209. பெண்களில் ஸ்டெஃபி கிராஃப் 377, செரீனா 319. பார்க்கப் பளிச்சென்று இருக்கும்.

ஆண்களுக்குக் கணினித் தரவரிசை வந்ததே 1973 ஆகஸ்ட் 23-ல்தான். அதற்கு முன் ஆடியவர்களுக்கு வாரம் என்ற கணக்கே இல்லை. வந்த பிறகும் விதி ஒரே மாதிரி இல்லை. 1989 வரை சராசரி முறை: எடுத்த புள்ளிகளை ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 1977-ல் அர்ஜென்டினாவின் கியெர்மோ விலாஸ் பிரெஞ்சு ஓபன், அமெரிக்க ஓபன் உட்பட 16 பட்டங்கள் வென்றும் நம்பர் ஒன் ஆகவில்லை. நிறைய ஆடினார், வகுத்ததில் சராசரி இறங்கிவிட்டது. கானர்ஸ் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

இப்போதைய முறை கடைசி 52 வாரங்களைக் கூட்டுவது. கிராண்ட்ஸ்லாம் வென்றால் 2000 புள்ளி, அதற்கு அடுத்த படியில் உள்ள மாஸ்டர்ஸ் போட்டி வென்றால் 1000. போன வருடம் இதே வாரத்தில் எடுத்த புள்ளி இந்த வருடம் கழிந்துவிடும். இதிலும் ஓட்டை உண்டு: ரஷ்ய, பெலாரஸ் ஆட்டக்காரர்களைச் சேர்க்காததால் 2022 விம்பிள்டனுக்குப் புள்ளியே தரவில்லை. கோப்பையை வென்ற ஜோகோவிச்சுக்குக் கிடைத்தது பூஜ்யம்.

மாஸ்டர்ஸ் கணக்கில் ஜோகோவிச் 40, நடால் 36, ஃபெடரர் 28. அந்தத் தொடர் 1990-ல்தான் தொடங்கியது. போர்க்கிடம் மாஸ்டர்ஸ் இல்லை என்று வாதாடுவது, காமராஜரிடம் செல்போன் இல்லை என்று குறைசொல்வது மாதிரி.

தரை மாறியது யாருக்கு லாபம்?
– தஞ்சாவூர் வாசகர்

நல்ல கேள்வி, பலர் கேட்காதது. 1969-ல் லேவர் நான்கையும் வென்றபோது மூன்று போட்டிகள் புல்லில் நடந்தன, பிரெஞ்சு ஓபன் மட்டும் களிமண். அமெரிக்க ஓபன் 1975-ல் களிமண்ணுக்கும் 1978-ல் கடினத் தரைக்கும் மாறியது. இந்த மூன்று தரையிலும் அந்தப் போட்டியை வென்றவர் கானர்ஸ் ஒருவர்தான் (1974, 1976, 1978). ஆஸ்திரேலியா 1988-ல்தான் புல்லை விட்டது. புல், களிமண், கடினத் தரை என்று மூன்று தரைகளில் நான்கு பட்டங்களையும் ஆண்களில் முதலில் வென்றவர் ஆந்த்ரே அகஸி. 1999 பிரெஞ்சு ஓபனில் அது நிறைவேறியது.

2001-ல் விம்பிள்டன் புல்லையே மாற்றினார்கள். முன்பு ரை புல்லோடு 30 சதவிகிதம் ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல்லும் கலந்திருக்கும். மாற்றிய பிறகு முழுக்க ரை புல். மண் கெட்டிப்பட்டு, பந்து வழுக்கிக்கொண்டு ஓடாமல் எழும்பி வர ஆரம்பித்தது. சர்வீஸ் போட்டுவிட்டு வலைக்கு ஓடி வருபவருக்கு நஷ்டம். பின்கோட்டில் நின்று ஆடுபவருக்கு வசதி. ஒருவரே எல்லா இடத்திலும் வெல்வது முன்னைவிடச் சுலபமாயிற்று. சாம்ப்ராஸ் பிரெஞ்சு ஓபனில் 1996 அரையிறுதியைத் தாண்டாததை எடைபோடும்போது இதை மறக்கக் கூடாது. இன்னொரு பக்கம், புல்லுக்கும் களிமண்ணுக்கும் இடைவெளி பெரிதாக இருந்த நாளிலேயே போர்க் 1978, 1979, 1980 மூன்று வருடமும் பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓபனையும் விம்பிள்டனையும் அடுத்தடுத்து வென்றார். எங்களைப் பொறுத்தவரை அவருடைய 11-ல் கனமானவை அந்த ஆறு.

ஃபெடரருக்கு எதிரிகள் வலுவில்லாத காலம், அதனால்தான் வென்றார் என்கிறார்களே?
– மதுரை வாசகர்

2007 முடிவதற்குள் ஃபெடரர் வென்ற 12 பட்டங்களைக் காட்டி இதைச் சொல்வார்கள். அதே ஆட்கள் 2023-ல் ஜோகோவிச் இறுதிப் போட்டிகளில் வென்றது சிட்சிபாஸ், ரூட், மெட்வெடேவ் மூவரையும் என்றால் பேச்சை மாற்றுவார்கள். ஒருவரே எல்லாவற்றையும் வென்றால் மற்றவர்கள் பட்டமில்லாமல் நிற்பார்கள். அவர்களிடம் பட்டம் இல்லை, அதனால் வலுவில்லை என்பது வட்டமடிக்கும் வாதம்.

இதிலிருந்து தப்பிக்க ஈலோ என்ற சதுரங்கக் கணக்கைப் பயன்படுத்துவார்கள். இருவருக்கும் 200 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே உள்ளவர் வெல்ல 76 சதவிகித வாய்ப்பு என்று பொருள். ஒரு ஆட்டத்துக்கு 32 புள்ளி பணயம் என்று வைத்தால், எதிர்பார்த்தபடி வென்றவருக்கு 8 புள்ளிதான் ஏறும். தோற்றால் 24 இறங்கும். எதிரியின் தரம் கணக்குக்குள் வந்துவிடுவது இதன் நன்மை. ஆனால் 1975-ன் 2400-ம் 2015-ன் 2400-ம் ஒன்றல்ல. தன் காலத்து ஆட்களைவிட எவ்வளவு உயரத்தில் நின்றார் என்பதை மட்டும்தான் இது சொல்லும்.

அதிகப் புள்ளி எடுத்தவர் தோற்பாரா?
– கோவை வாசகர்

2019 விம்பிள்டன் இறுதிப் போட்டியைப் பாருங்கள். 4 மணி 57 நிமிடம். ஃபெடரர் எடுத்த புள்ளி 218, ஜோகோவிச் 204. எதிரி தொடவே முடியாத சர்வீஸான ஏஸ் 25-க்கு 10. எதிரி திருப்ப முடியாமல் புள்ளி தரும் அடியான வின்னர் 94-க்கு 54. கோப்பை ஜோகோவிச்சுக்கு: 7–6, 1–6, 7–6, 4–6, 13–12.

ஃபெடரர் வென்ற இரண்டாவது செட் 6–1. அங்கே குவித்த உபரிப் புள்ளிகளுக்கு அடுத்த செட்டில் மதிப்பில்லை. செட்டுக்கு செட் கணக்கு அழிந்துவிடும். செட் சமநிலையில் நிற்கும்போது அதைத் தீர்க்க ஆடும் டைபிரேக் மூன்றையும் ஜோகோவிச் வென்றார். ஐந்தாவது செட்டில் 8–7, 40–15 என்று ஃபெடரர் சர்வீஸ் போடும்போது இரண்டு சாம்பியன்ஷிப் புள்ளிகள் (ஒன்றை எடுத்தாலே கோப்பை) கையில் இருந்தன, இரண்டும் நழுவின. ஃபெடரர் தன் வாழ்நாளில் ஆடிய 1526 ஒற்றையர் ஆட்டங்களில் 80 சதவிகிதத்துக்கு மேல் வென்றவர். அவர் எடுத்த புள்ளிகளோ 54 சதவிகிதம்தான். எந்தப் புள்ளி என்பதுதான் கேள்வி.

லேவர் கையில் இன்றைய ராக்கெட்டைக் கொடுத்தால்?
– திருச்சி வாசகர்

மர ராக்கெட்டின் முகம் 65-லிருந்து 70 சதுர அங்குலம்; இன்று 95-லிருந்து 100. ஃபெடரரே 2014-ல் 90-ஐ விட்டு 97-க்கு வந்தார். பாலியஸ்டர் நரம்பு பந்தைச் சுழற்றும் சுழற்சியே வேறு. அதோடு வளர்ந்திருந்தால் லேவர் வேறு ஆட்டக்காரராகியிருப்பார், எப்படிப்பட்டவர் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கேள்வியை விவாதத்தில் அனுமதிக்காதீர்கள், விடியும்வரை ஓடும்.

பெண்களில் மார்கரெட் கோர்ட்டும் 24. அவரை ஏன் யாரும் சொல்வதில்லை?
– நாகர்கோவில் வாசகர்

24-ல் 11 ஆஸ்திரேலியப் பட்டங்கள். 1960-லிருந்து 1966 வரை ஏழு வருடம் தொடர்ந்து வென்றார். வெளிநாட்டு முன்னணி வீராங்கனைகள் அங்கே அதிகம் வராத காலம் அது. மொத்தத்தில் 13 பட்டங்கள் 1968-க்கு முந்தியவை. ஆனால் மீதி 11-ஐ அலட்சியப்படுத்தக் கூடாது: 1970-ல் நான்கையும் வென்றவர் அவர்.

கிறிஸ் எவர்ட் 18. பாரிஸில் 1974, 1975-ல் வென்றுவிட்டு அடுத்த மூன்று வருடம் அங்கே போகவில்லை. திரும்பி வந்து 1979, 1980-லும் வென்றார். அந்த மூன்று வருடங்களுக்கு அன்று யாரும் வருத்தப்படவில்லை. மார்ட்டினா நவ்ரதிலோவா ஒற்றையரில் 18. இரட்டையர், கலப்பு இரட்டையரைச் சேர்த்தால் 59.

கிராஃபின் 22 அழகான கணக்கு, ஒவ்வொரு கிராண்ட்ஸ்லாமும் குறைந்தது நான்கு முறை. ஆனால் நடுவில் 1993 ஏப்ரல் 30 இருக்கிறது. ஹாம்பர்க்கில் ஆட்ட இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மோனிகா செலஸை, கிராஃபின் வெறிபிடித்த ரசிகர் ஒருவர் முதுகில் கத்தியால் குத்தினார். அதற்கு முன் செலஸ் கடைசியாக ஆடிய 8 கிராண்ட்ஸ்லாமில் 7-ஐ வென்றிருந்தார், வயது 19. கிராஃபின் பட்டங்களில் 11 அந்த நாளுக்கு முன், 11 அதற்குப் பின். கிராஃப் மேல் எந்தத் தவறும் இல்லை. ஆனால் பின்னால் வந்த 11-ஐ எப்படி எடைபோடுவது என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது.

எங்கள் கிளப்பில் இதை முறையாக விவாதிக்க நினைக்கிறோம். எப்படி நடத்துவது? உங்கள் ஓட்டு யாருக்கு?
– திண்டுக்கல் வாசகர்

பெயர்களைச் சொல்லும் முன் அளவுகோலை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆளை முதலில் முடிவுசெய்துவிட்டு அளவுகோலைத் தேடுவதால்தான் சண்டையே வருகிறது. காலத்தை 1968-க்குப் பின் என்று வரையறுங்கள். பிறகு 100 மதிப்பெண்ணைப் பங்கிடுங்கள். எங்கள் பங்கீடு: கிராண்ட்ஸ்லாம் 40, தொடர்ச்சியான சிறந்த ஐந்து வருடங்கள் 25, எல்லாத் தரையிலும் வென்றது 15, எத்தனை வருட இடைவெளியில் முதலும் கடைசியுமான பட்டம் என்பதற்கு 10, முக்கிய எதிரிகளுக்கு எதிரான கணக்கு தரைவாரியாக 10. ஆஸ்திரேலியாவுக்கு யாரும் போகாத எழுபதுகளின் ஆட்களுக்கு, வருடத்துக்கு மூன்று கிராண்ட்ஸ்லாம் என்றே வகுக்க வேண்டும். ஒலிம்பிக்ஸை விட்டுவிடலாம், 1988-ல்தான் டென்னிஸ் முழுப் போட்டியாகத் திரும்பி வந்தது, நான்கு வருடத்துக்கு ஒரு வாரம். பிறகு ஒரு சோதனை: கிராண்ட்ஸ்லாமை 30-ஆகக் குறைத்து, சிறந்த ஐந்து வருடங்களை 35-ஆக ஏற்றிப் பாருங்கள். முதலிடம் மாறினால் உங்கள் முடிவு அவ்வளவு உறுதியில்லை என்று பொருள்.

ஆண்களில் எங்கள் ஓட்டு ஜோகோவிச்சுக்கு. நான்கு கிராண்ட்ஸ்லாமையும் தலா மூன்று முறையாவது வென்றவர் ஆண்களில் அவர் ஒருவர்தான். ஐந்து வருட மதிப்பெண்ணை ஏற்றும்போது ஃபெடரர் மிக அருகில் வந்து நிற்பார். களிமண்ணை மட்டும் கேட்டால், பாரிஸில் 116 ஆட்டங்களில் 112 வென்ற நடாலுக்கு மேல் பேச்சே இல்லை. பெண்களில் செரீனா, 1999-லிருந்து 2017 வரை விரிந்த 23 பட்டங்களுக்காக. அதில் 10 அவர் 30-ஐத் தாண்டிய பிறகு வந்தவை. லேவருக்குத் தனி நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம், ஓட்டுப் பெட்டிக்கு வெளியே.